பொறையுடைமை, அல்லது பழைய காருக்கு நாய் சேர்க்கும் முறை

பழைய கார் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பதற்குத் தமிழில் முறையான கையேடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். என் தகுதியைக் கேட்பீர்கள். 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று, எங்கள் வாயில் ஃபியட், பதினொரு வருஷக் குடித்தனம். ஓசூர் சிப்காட் வாசலிலிருந்து வந்த நாய் ஒன்று, நான்கு வருஷக் குடித்தனம். முன்னது நின்றால் கிளம்பாது, பின்னது கிளம்பினால் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் சாவியும் சங்கிலியுமாக நான்.

முதலில் மனிதர்களைக் கழித்துக்கட்டுவோம்.

என் மனைவி ஒரே ஒரு தடவை வந்தார். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி அதைவிடச் சுமார் 400 மீட்டர் கீழே. போகும்போது ஃபியட்டுக்கு இறக்கம், ஒரே உற்சாகம். திரும்பும்போது மேலுமலை ஏற்றம். ஏப்ரல் மாத மத்தியானம், லாரிகளுக்கு நடுவில், வண்டி இரண்டு தடவை விக்கி நின்றுவிட்டது. இந்த வியாதி பழைய வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும், கார்ப்பரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. வைத்தியம், பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பது. துணிக்கு அவருடைய சால்வையைக் கேட்டேன். கொடுத்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. சூளகிரி வந்ததும் பேசினார்: “என்னங்க, இனிமே நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்.”

மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். வண்டி நின்ற நான்காவது நிமிஷம் செல்போனில் டாக்ஸி வரவழைத்துவிட்டான். நண்பர் ஒருவர் நாற்பது வருஷம் தொழிற்சாலையில் இருந்தவர், வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து கருத்து சொல்வார். சத்தியமாகச் சொல்கிறேன், டாக்ஸியாவது பரவாயில்லை.

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பழைய காரில் வெளியே போவது என்றால் கால் பங்கு ஓடுவது, முக்கால் பங்கு நிற்பது. ஓடும்போது யாரும் துணைக்கு வருவார்கள். நிற்கும்போது வருகிறவர்தான் வேண்டும். புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம், ‘எப்ப கிளம்பும்?’ என்று கேட்காமல், கால் நீட்டிப் படுத்துத் தூங்கத் தெரிந்த ஜீவன் எது? நாய். அதிலும் தெருவில் வளர்ந்த நாய். அதன் தொழிலே காத்திருப்பதுதான்.

ஆகவே முதல் படி: பெங்களூருக்குப் போய் நாய் வாங்காதீர்கள். பனிப்பிரதேச நாய்களை ஏ.சி. அறையில் வைத்து விற்கிறார்கள். உங்கள் காரில் ஏ.சி. என்று எதுவும் கிடையாது என்பதை நினைவில் கொள்ளவும். நாட்டு இனம் என்று பெருமை பேசும் ஆசையும் வரும். ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் சிப்பிப்பாறை முயலைத் துரத்தப் பிறந்த உடம்பு. மேலுமலை ஏற்றத்தில் கதவைத் திறந்து விட்டால் உங்கள் காருக்கு முன்னால் ஓசூர் போய்ச் சேர்ந்துவிடும். வண்டிக்கு அந்த அவமானம் தேவையா?

நமக்கு வேண்டியது சிப்காட் வாசலில் இருக்கிறது. 1970-களில் இந்தப் பேட்டை வந்தது முதல் ஒவ்வொரு ஆலை கேட்டுக்கும் ஒரு நாய்க் கூட்டம் உண்டு. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் எல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. எந்த கேட்டில் எத்தனை மணிக்கு டிபன் பாக்ஸோடு ஆள் வெளியே வருவார் என்று செக்யூரிட்டிக்கு முன்னால் அவற்றுக்குத் தெரியும். வாரவிடுமுறை மட்டும்தான் தெரியாது. அன்றைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தில் இன்னொரு ரகம் இருக்கிறது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்த வேலைக்கு வரும் பையன்கள் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருப்பார்கள். மழையில் நனைந்த குட்டி ஒன்றை எவனாவது தூக்கி வந்துவிடுவான். அறையில் சோறு வடித்தால் அதற்கும் ஒரு பிடி. பதினோரு மாதத்தில் ஒப்பந்தம் முடியும். பையன்கள் ரயில் ஏறிவிடுவார்கள். ரயிலில் நாய்க்கு எங்கே இடம்? பூட்டிய அறை முன்னால் அது உட்கார்ந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களையும் யாரோ அப்படித்தான் விட்டார்கள். என் ஆள் பூட்டிய கதவின் முன்னால் ஒன்பது நாள் இருந்தான். டீக்கடைக்காரர்தான் சொன்னார்: “சார், அந்த ரூமுக்குப் புது ஆளுங்க வந்துட்டாங்க. இவன் அவங்களையே உள்ள விட மாட்டேங்கறான்.”

இரண்டாம் படி, மொழித் தேர்வு. எல்லை ஊர் நாய்க்கு இது கட்டாயம். தமிழில் ‘வா’ என்று கூப்பிடுங்கள், வரும். தெலுங்கில் ‘ரா’, வரும். கன்னடத்தில் ‘பா’, வரும். இந்தியில் ‘ஆ’, அதற்கும் வரும். நான்கு மொழியிலும் ஓரெழுத்து, கையில் இருக்கும் பொறை ஒன்றே. ‘போ’ என்பது மட்டும் எந்த மொழியிலும் புரியாது. இந்தத் தேர்வில் தேறிய நாய் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கினாலும் கூச்சப்படாது. டி.என். 70 என்ற எண் பலகையைப் பார்த்து ஒருமுறை அங்கே ஒரு காக்கிச் சட்டைக்காரர் கை காட்டினார். குனிந்து உள்ளே பார்த்தவர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கவில்லை. “நாயி யார்து சார்?” என்றார். அவர் ‘பா’ என்றதும் இவன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை அவர் மேல் போட்டுவிட்டான். அரசியல்வாதிகளைவிட இந்த நாய்களிடம் மாநில உறவு நன்றாக இருக்கிறது.

பெயர் வைப்பதில் ஓர் எச்சரிக்கை. கார்ப் பிரியர்கள் நாய்க்கு ‘கிளட்ச்’, ‘சோக்’ என்றெல்லாம் வைப்பார்கள். என் மெக்கானிக் பாய் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ‘கிளட்ச்! கிளட்ச்!’ என்று கத்தும்போது நாய் உள்ளே புகுந்து அவர் முகத்தை நக்கினால் வேலை நடக்காது. ‘மணி’யும் வேண்டாம், யாராவது நேரம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும். என் ஆளுக்குப் பெயர் பொறை. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் அந்தப் பொறைதான், அதைக் காட்டித்தானே கூட்டி வந்தேன். என் மனைவி தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைக் கேட்டதும் முதல் தடவையாகச் சிரித்தார். “குறள்ல பதினாறாவது அதிகாரம். பொறையுடைமை. உங்க காருக்கு வேற எதுவும் பொருந்தாது” என்றார். நான் அந்த அர்த்தத்தில் வைக்கவில்லை என்று இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாவது, மருத்துவம். இதில் கேலி கிடையாது. காது நுனி வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆனது என்று அடையாளம். இல்லாவிட்டால் செய்யவேண்டும். மூன்று மாதம் ஆன குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து. அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வரிசையில் நிற்கவேண்டி வரும், நில்லுங்கள். பழகும் நாட்களில் கடித்துவிட்டால் மஞ்சள்பொடி, சுண்ணாம்பு என்று எதையும் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. தெருநாய் விவகாரம் 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 11-ஆம் தேதி டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 22-ஆம் தேதி அதைத் திருத்தி, ஊசி போட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதையெல்லாம் படித்திருப்பீர்கள். டீக்கடையில் அதற்கு இரண்டு கட்சி. நான் மூன்றாம் கட்சி: ஆளுக்கு ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டால் கணக்கு ஓரளவு குறையும்.

வண்டி எது என்பதையும் சொல்லவேண்டும். அம்பாசடர் நல்லது, முன்னால் பெஞ்சு போல அகலமான சீட்டு, நாய் மல்லாந்து படுக்கலாம். 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. ஃபியட்டிலும் கியர் ஸ்டீயரிங் பக்கத்தில்தான், ஆகவே சீட்டுகளுக்கு நடுவில் நாயின் தலைக்கு இடைஞ்சல் இல்லை. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அதன் பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழும், டயர், எஞ்சின் எல்லாம் திறந்து கிடக்கும், நாய் அதை விளையாட்டு மைதானம் என்று நினைக்கும். மண்ணின் மைந்தனாகத்தான் ஓட்டுவேன் என்பவருக்கு ஒரு யோசனை. இன்று ஓசூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டு 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியபோது எண்ணூரில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார். அது கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதவருக்கு 1980-இல் இதே ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் நாயை உட்காரவைத்து, காது பறக்கப் போகும் குடும்பத்தலைவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். அவர்கள் யாரும் கையேடு படித்துவிட்டு ஏற்றவில்லை.

வண்டிக்கு ‘விண்டேஜ்’ பட்டம் வாங்கும் சபலம் சிலருக்கு உண்டு. 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய, அசல் உருவம் கெடாத வண்டியை அப்படிப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். நாயை மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. என் வண்டிக்கு 2028-இல் ஐம்பது. பதிவதாக இல்லை.

இனி முதல் சவாரி. நாயை முதலில் ஓடாத வண்டியில் உட்காரவைத்துப் பழக்கவேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நமக்கு இது சுலபம். ஒரு வாரம் அப்படியே கழியும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சாமல்பள்ளம் வரும்போது நீங்கள் சீட் உறையைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். சீட் பெல்ட் கிடையாத வண்டி, ஆகவே மார்புப்பட்டை வாங்கிப் போட்டு அதை சீட்டின் இரும்புச் சட்டத்தில் கட்டுங்கள். கழுத்துப்பட்டையில் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். நியாயமாகப் பார்த்தால் பின் சீட்டுதான் பத்திரம். நான் பொறையிடம் சொல்லிப் பார்த்தேன், நீங்களும் உங்கள் நாயிடம் சொல்லிப் பாருங்கள்.

ஜன்னலில் தலையை நீட்டுவது பார்க்க அழகு. ஆனால் நம் தேசிய நெடுஞ்சாலை 44-இல் முன்னால் போகும் ஜல்லி லாரியிலிருந்து பறப்பதெல்லாம் கண்ணில்தான் விழும். இதற்குத் தீர்வு நூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1903-இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர், சூவல் கிராக்கர் என்ற மெக்கானிக்கோடு அமெரிக்காவின் குறுக்கே முதன்முதலாகக் காரில் போனார். வழியில் ஐடஹோவில் 15 டாலர் கொடுத்து பட் என்ற நாயை வாங்கி ஏற்றிக்கொண்டார். மேல்கூரை இல்லாத விண்டன் கார், உப்புப் புழுதி, நாயின் கண் சிவந்துவிட்டது. டாக்டர் அதற்கும் ஒரு மோட்டார் கண்ணாடி மாட்டிவிட்டார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் போய்ச் சேர 63 நாள். அதில் பல நாள் உதிரிபாகம் ரயிலில் வரட்டும் என்று ஏதாவதொரு ஊரில் உட்கார்ந்திருந்ததுதான். அந்தக் கார் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பொறைக்குக் கண்ணாடி மாட்டினேன், ஒரு நிமிஷத்தில் கடித்து இரண்டாக்கிவிட்டான். கண்ணாடியை மூன்று விரல் அளவுக்கு மட்டும் இறக்குவது என்று இருவரும் சமாதானமானோம்.

‘கார்ல நாயா?’ என்று முகம் சுளிக்கும் உறவினர்கள் வருவார்கள். அவர்களுக்கு மகாபாரதத்தின் கடைசிப் பகுதியை நினைவுபடுத்துங்கள். வண்டியில் நாய்க்கு இடமில்லை என்று சொன்ன முதல் ஓட்டுநர் இந்திரன். அப்படியானால் நானும் ஏறவில்லை என்று ரோட்டோரம் நின்ற முதல் பயணி தருமபுத்திரன். ஜெயித்தது யார்? அந்த நாயும் வாங்கிய நாய் இல்லை, வழியில் தானாக ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

வழித்தடங்கள் பற்றிச் சில குறிப்புகள்.

பேரண்டப்பள்ளிக்கும் சானமாவு காட்டுக்கும் பக்கத்தில், கார்த்திகை முதல் மாசி வரை, பொழுது சாய்ந்தபின் வண்டியை நிறுத்தாதீர்கள். யானைகள் ரோட்டைக் கடக்கும் காலம். யானையைப் பார்த்த நாய் குரைக்கும், பிறகு பயந்து எஜமானிடமே ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். ‘வண்டி தானாக நின்றால்?’ என்று கேட்கிறீர்கள். தெரிந்துதானே பகலில் போகச் சொல்கிறேன்.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கொட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். சதை கொடுக்கலாம், கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். திராட்சை கூடவே கூடாது, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வண்டியின் கீழே சொட்டுவதை நக்கவிடாதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நம் வண்டியில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் என்றாலும், பக்கத்தில் நிற்கும் புதுக் கார் என்ன குடிக்கிறது என்று நமக்குத் தெரியாது. கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவல் வாங்கினால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். எடுப்பதற்குள் உங்கள் பங்கும் போயிருக்கும்.

சித்திரை வெயிலில் நாயைக் காருக்குள் பூட்டிவிட்டு, ‘அஞ்சே நிமிஷம்’ என்று ஓட்டலுக்குள் போகாதீர்கள். பத்து நிமிஷத்தில் தகர டப்பா அடுப்பாகிவிடும். பார்சல் வாங்கி வெளியே நின்று சாப்பிடுங்கள். பழைய காரை வெளியே நின்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவது உங்களுக்கும் பிடிக்கும்தானே.

ஒரு லாபம் சொல்ல மறந்தேன். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அது மெல்ல அரிக்கும், கசிவு நம் மூக்குக்கு எட்டும் முன் நாய்க்கு எட்டிவிடும். பொறை வண்டியருகில் போய் இரண்டு தும்மல் போட்டால் நான் பாய்க்கு போன் போட்டுவிடுவேன். இதுவரை மூன்று தும்மல் சம்பவங்கள், மூன்றிலும் குழாய் மாற்றியிருக்கிறோம். பாய் சம்பளம் கேட்கிறார், அவன் பொறை கேட்கிறான்.

நான் சேர வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைக் கூட்டத்தைக் காக்கச் சண்டையிட்டு விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் இருந்தது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வீரனுக்குக் கல் நடுவது நம் பக்கத்தில் வழக்கம்தான், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் நடுகல். ஆனால் ஒரு நாயின் பெயரை எழுதவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள். விழுந்தவன் பக்கத்தில் அது எத்தனை நேரம் இருந்ததோ. பொறையை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

மூன்று தடவை கிளம்பியாயிற்று. கிருஷ்ணகிரி தாண்டி, மத்தூர் தாண்டி, ஊத்தங்கரை வரை. ஊத்தங்கரையைத் தாண்டியதில்லை. ஒரு தடவை டைனமோ, ஒரு தடவை ரேடியேட்டர், ஒரு தடவை வழக்கமான பெட்ரோல் பம்ப். மூன்றாம் தடவை புளியமரத்தடியில் கோவிவன் கதையை முழுசாகச் சொன்னேன். பாதியில் அவன் தூங்கிவிட்டான்.

தை மாதம் வெயில் ஏறுவதற்குள் நான்காம் தடவை கிளம்புகிறோம். முன் சீட் பொறைக்கு. பின் சீட்டில் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. வர விரும்புகிறவர்கள் ஆளுக்கு ஓர் ஈரத்துணி எடுத்து வரவும்.